எலும்புக்குள் வைக்கும் பிளேட், சிமெண்ட், பீங்கான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் எலும்பு முறிவு புதிதல்ல. செம்பனைக் குலை தோளில் விழுகிறது, மழை விட்டதும் செம்மண் சாலையில் மோட்டார் சறுக்குகிறது, வயதானவர்கள் குளியலறையில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொள்கிறார்கள். மாவுக்கட்டோடு முடிவது உள்ளூரிலேயே முடிந்துவிடும். அறுவை என்றால் பெரும்பாலும் ஈப்போ பெரியாஸ்பத்திரிதான். "இம்பிளாண்டு வைக்கணும்" என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்கும் நேரத்தில் குடும்பத்தில் எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன.

இம்பிளாண்டு என்றால் செயற்கை எலும்பா?

பெரும்பாலும் இல்லை. உள்ளே வைக்கும் பொருள்கள் மூன்று வேலைக்கு வருகின்றன. முறிந்த துண்டுகளை அசையாமல் பிடித்துவைக்க பிளேட், ஸ்குரு, ஆணி. எலும்பு நொறுங்கிப்போன பள்ளத்தை நிரப்ப எலும்புத் துகள், பீங்கான் மணி, கால்சியம் பசை. தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருத்த செயற்கை மூட்டு.

இவற்றில் மூன்றாவது மட்டும்தான் மாற்று. முதல் இரண்டும் தவணை வாங்கிக் கொடுப்பவை. எலும்பு தானாகக் கூடும்வரை அவை தாக்குப்பிடித்தால் போதும். எலும்பு கூடாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய உலோகமும் ஒருநாள் கைவிடும். கீழே வரும் பதில்களில் பாதிக்குமேல் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவை.

ஸ்டீல் நல்லதா, டைட்டானியம் நல்லதா?

"விலை கூடியதை வைங்க டாக்டர்" என்று சொல்வதற்கு முன் இதைப் படியுங்கள்.

மருத்துவ ஸ்டீல் 316எல் வகையைச் சேர்ந்தது. இரும்போடு குரோமியம் 17–19 விழுக்காடு, நிக்கல் 13–15 விழுக்காடு, மாலிப்டினம் 2.25–3 விழுக்காடு கலந்தது. துருவைத் தடுப்பது குரோமியம். உடம்பின் உப்புநீரில் புள்ளிப்புள்ளியாக அரிக்காமல் காப்பது மாலிப்டினம். டைட்டானியத்தில் அதிகம் புழங்குவது 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் சேர்ந்த கலவை. அதன்மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் தானாகவே உருவாகும். கீறினாலும் உடனே மறுபடி மூடிக்கொள்ளும். எலும்பு அந்தப் படலத்தோடு நேரடியாக ஒட்டி வளரும். சுவீடன் நாட்டுப் பிரானெமார்க் 1950-களில் முயல் எலும்பில் இதைக் கவனித்தார். 1965-இல் ஒரு நோயாளியின் தாடையில் டைட்டானியப் பல்வேர் பதித்தார். இன்றைய பல் இம்பிளாண்டு அங்கிருந்துதான் வந்தது.

விறைப்பில் வேறுபாடு பெரிது. எலும்பின் கெட்டிப் பகுதி ஏறக்குறைய 15–20 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு), டைட்டானியக் கலவை 110, ஸ்டீல் 190–200. விறைப்பு கூடக்கூட பாரத்தையெல்லாம் உலோகமே சுமந்துகொள்ளும். வேலையில்லாத எலும்பு மெலிந்துபோகும். டைட்டானியத்துக்கு இது ஒரு சாதகம்.

ஆனாலும் கை, கணுக்கால் முறிவுகளில் ஸ்டீல் பிளேட் தாராளமாகப் போதும். பல ஆண்டுகளாக லட்சக்கணக்கானோருக்கு அதுதான் வேலை செய்திருக்கிறது. டைட்டானியம் கேட்க உண்மையான காரணங்கள் சில உண்டு: நிக்கல் ஒவ்வாமை (கவரிங் தோடு, மலிவு விலைக் கைக்கடிகாரப் பட்டை பட்டால் அரிக்கும் ஆள் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்), பிற்காலத்தில் அதே இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிய தேவை, முதுகெலும்பு அறுவை, நீண்ட ஆணி. இவை எதுவும் இல்லாமல் டைட்டானியத்துக்காகக் கடன் வாங்குவது எங்கள் கணக்கில் வீண்.

டைட்டானியம் வைத்தால் கழற்றுவது கஷ்டம் என்கிறார்களே?

உண்மை. பிளேட்டின் துளையிலேயே மரை வெட்டியிருக்கும் லாக்கிங் வகையில், ஸ்குருவின் தலையும் பிளேட்டும் ஒன்றோடொன்று இறுகி ஒட்டிக்கொள்வதுண்டு. மரை கோணலாகப் பிடித்தாலோ, அளவுக்கு மிஞ்சி முறுக்கினாலோ இது நடக்கும். அளவு தெரிந்த முறுக்குச் சாவியைக் கடைசித் திருகலுக்குப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

கழற்றும்போது இன்னொரு தொல்லை, சாவி பொருந்தாமல் தலைக்குழி வழுக்கிப்போவது. வழக்கமான அறுகோணத் தலையில் 3.5 மில்லிமீட்டர் ஸ்குருவுக்கு 2.5 சாவி, 4.5 ஸ்குருவுக்கு 3.5 சாவி. நட்சத்திரத் தலை என்றால் வேறு சாவி. எந்த நிறுவனத்தின் எந்த வகை என்ற தகவல் இல்லாமல் கழற்றும் அறுவைக்குப் போனால் ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரமாகும். ஆகவே ஸ்டிக்கர் முக்கியம். அதைக் கடைசிக் கேள்வியில் பாருங்கள்.

பிளேட் எப்படி உடைகிறது? இரும்பல்லவா?

இரும்புக்கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? பிளேட்டுக்கும் அதுதான். ஒரு காலில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் அடி வைக்கிறோம். எலும்பு கூடிவிட்டால் பாரம் எலும்பு வழியாகப் போகும். கூடாமல் இடைவெளி இருந்தால் ஒவ்வோர் அடியிலும் பிளேட் அதே துளையருகே துளித்துளியாக வளையும். முதலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, பிறகு ஒருநாள் 'டக்'கென்று முறிவு. மாட்டுவதில் பெரிய தவறு நடந்திருந்தால் முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். ஆறு மாதம், ஒன்பது மாதம் கழித்து உடைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எலும்பு கூடவில்லை என்பதைத்தான்.

கூடாததற்குக் காரணங்கள்: சிகரெட், கட்டுப்பாடில்லாத சர்க்கரை, கிருமி, இரத்த ஓட்டம் கெட்டுப்போன பெரிய காயம், சொன்ன காலத்துக்கு முன்பே முழுப் பாரம் வைப்பது. தோட்ட வேலையில் கடைசிக் காரணம் அதிகம். எம்.சி. (மருத்துவ விடுப்பு) முடிந்ததும் வலி இல்லை என்று ஏணியிலோ மேட்டிலோ ஏறிவிடுகிறார்கள். வலி இல்லாததற்குக் காரணம் பிளேட் பிடித்திருப்பது; எலும்பு கூடிவிட்டது என்பதற்கு அது சாட்சியல்ல. எக்ஸ்ரேயில் நான்கு பக்கத்தில் மூன்று பக்கமாவது பாலம் போட்டிருந்தால்தான் கூடியது என்று எடுத்துக்கொள்வார்கள்.

மாட்டும் முறையிலும் தப்பு நடக்கலாம். முன்கை எலும்பில் முறிவுக்கு இருபுறமும் குறைந்தது மூன்று ஸ்குரு, தொடையில் நான்கு என்பது பழைய பாடம். 3.5 ஸ்குருவுக்கு 2.5 துளைப்பான், 4.5 ஸ்குருவுக்கு 3.2. துளை பெரிதானால் மரை பிடிக்காது. எல்லாத் துளையிலும் ஸ்குரு போட்டு நிரப்புவதும் தவறுதான். நொறுங்கிய முறிவில் நடுத் துளைகளைக் காலியாக விட்டால் வளைவு நீளமாகப் பரவும். முறிவுக்கு ஒட்டிய இரண்டு துளையிலும் இறுக்கிவிட்டால் வளைவு முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் குவியும். லாக்கிங் பிளேட்டைத் துளை இருக்கும் இடத்தில் வளைத்தால் மரை கெடும். ஒருமுறை வளைத்த டைட்டானியத்தைத் திருப்பி வளைக்கவே கூடாது.

ஸ்டீல் பிளேட்டில் டைட்டானிய ஸ்குரு போன்ற கலப்படத்தையும் தவிர்ப்பது நல்லது. உப்புநீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் ஒன்று அரிக்க வழியாகும்.

பிளேட்டுக்குப் பதிலாக உள்ளே ஆணி அடிப்பது ஏன்?

தொடை, முழங்காலுக்குக் கீழ் எலும்பு இரண்டிலும் நடுப்பகுதி முறிந்தால் ஆணிதான் முதல் தேர்வு. எலும்பின் குழிக்குள்ளேயே இருப்பதால் பாரம் நேர்கோட்டில் போகும், முறிவின் மேல் தோலைத் திறக்க வேண்டியதில்லை. திடமான கம்பியில் வளைவைத் தாங்கும் சக்தி விட்டத்தின் நான்காம் மடங்கில் ஏறும்: 8 மில்லிமீட்டருக்குப் பதில் 10 வைத்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. உள்ளே குழாயாக இருக்கும் ஆணியிலும் போக்கு அதேதான். அதனால்தான் குழியைக் கடைந்து கொஞ்சம் பெரிய ஆணியாக வைக்கப் பார்ப்பார்கள். முழங்காலுக்குக் கீழ் எலும்பில் ஆணி வைத்தால் முட்டி முன்புறம் வலி பலருக்கு வரும், மண்டியிடும்போது கூடும்.

தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தது. வெளியில் கம்பி மாட்டியிருக்கிறார்கள். எப்போது உள்ளே வைப்பார்கள்?

மண், சாணி, சாக்கடைத் தண்ணீர் பட்ட காயத்தில் உடனே பிளேட் வைப்பது கிருமிக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகிவிடும். முதலில் நரம்பு ஊசி வழியாக அண்டிபயோட்டிக், அதுவும் மருத்துவமனை வந்த ஒரு மணி நேரத்துக்குள். பிறகு செத்த சதையை வெட்டிக் கழுவி, வெளிச்சட்டம். காயம் சுத்தமானதும், தோல் மூடியதும் உள்ளே மாற்றுவார்கள். சில பேருக்குச் சட்டத்திலேயே எலும்பு கூடிவிடும்.

வட்டமான வளையங்கள் இருந்தால் அது இலிசாரோவ் முறை. சோவியத் ரஷ்யாவின் குர்கான் ஊரில் கவ்ரில் இலிசாரோவ் 1950-களில் உருவாக்கியது. 1.5 அல்லது 1.8 மில்லிமீட்டர் கம்பிகளை இறுக்கி வளையத்தில் கட்டுவார்கள். எலும்பு குறைந்திருந்தால் வேறோர் இடத்தில் அறுத்து, நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் இழுப்பார்கள். அதையும் கால் மில்லிமீட்டராக நான்கு வேளை. அவசரப்பட்டுக் கூடுதலாகத் திருகினால் புது எலும்பு உருவாகாது, நரம்பும் இழுபடும். திருகாமல் விட்டால் முன்கூட்டியே கூடி நகராமல் போய்விடும். 5 சென்டிமீட்டர் குறைவுக்கு இழுக்க மட்டும் 50 நாள், அது கெட்டியாக அதைப்போல் இன்னும் சில மடங்கு. வேலைக்குத் திரும்பும் நாளைக் குடும்பம் இதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

கம்பி நுழையும் இடத்தை ஆஸ்பத்திரியில் காட்டிய முறைப்படி சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் தனிப் பஞ்சு. சிவப்பு, சீழ், கம்பி ஆடுவது இவை தெரிந்தால் அடுத்த அப்பாயின்மெண்ட் வரை காத்திருக்க வேண்டாம். மஞ்சள், எண்ணெய் எதுவும் அந்த ஓட்டையில் போகக்கூடாது.

எலும்பில் பள்ளம் விழுந்துவிட்டது, "போன் கிராஃப்ட்" வேண்டும் என்கிறார்கள். எங்கிருந்து எடுப்பார்கள்?

எல்லாவற்றிலும் சிறந்தது உங்கள் எலும்பேதான். இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் கையை வைத்தால் தட்டுப்படும் இடத்திலிருந்து எடுப்பார்கள். அதில் உயிருள்ள எலும்புச் செல் இருக்கிறது, எலும்பை வளரத் தூண்டும் புரதம் இருக்கிறது, புது எலும்பு ஏறிப்படரச் சட்டமும் இருக்கிறது. செயற்கைப் பொருள் எதுவும் இம்மூன்றையும் ஒருசேரத் தருவதில்லை. பெரும்பாலானவை சட்டம் மட்டும்தான்.

குறை என்னவென்றால் எடுக்கும் இடத்தின் வலி. சிலருக்கு முறிவு வலியைவிட அதுதான் நாள்பட இருக்கும். முன்புறமாக எடுக்கும்போது தொடையின் வெளிப்பக்கத் தோலுக்குப் போகும் நரம்பு அடிபட்டு மரத்துப்போகலாம். கிடைக்கும் அளவும் கொஞ்சம். 5 சென்டிமீட்டருக்கு மேல் எலும்பு முழுச்சுற்றாகக் காணாமல் போயிருந்தால் இது தனியாகப் போதாது.

அப்போது இரண்டு கட்ட வழி ஒன்று உண்டு. பிரெஞ்சு மருத்துவர் மாஸ்குலே 1980-களில் கொண்டுவந்தது. முதல் அறுவையில் பள்ளத்தைச் சிமெண்ட் கட்டியால் அடைத்துவிடுவார்கள். 6 முதல் 8 வாரத்தில் அதைச் சுற்றி உடம்பே மெல்லிய சவ்வு ஒன்றை உருவாக்கும். இரண்டாம் அறுவையில் சவ்வைக் கிழிக்காமல் திறந்து, சிமெண்டை எடுத்துவிட்டு, அந்தப் பைக்குள் எலும்புத் துகளை நிரப்பித் தைப்பார்கள். சவ்வில் இரத்தக்குழாயும் வளர்ச்சிப் புரதமும் இருப்பதால் துகள் கரைந்து போகாமல் எலும்பாகிறது. "போன தடவை வைத்ததை எடுக்கிறார்களே, தப்பு செஞ்சிட்டாங்களா?" என்று பயப்பட வேண்டாம், எடுப்பதற்காகவே வைத்தது.

செயற்கை எலும்புத் துகள் எதனால் ஆனது? எப்போது கரையும்?

நம் எலும்பின் எடையில் அறுபது, எழுபது விழுக்காடு கனிமம். அதன் அடிப்படை ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட். அதையே தொழிற்சாலையில் செய்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டுப் பீங்கானாக்குவார்கள். மலேசியாவிலேயே கிரானுமாஸ் என்ற பெயரில் இப்படியொரு துகளை சிரிம் (அரசின் தொழில் ஆய்வு நிறுவனம்), மலேசிய அணுசக்தி நிறுவனம், உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கின.

புழக்கத்தில் உள்ளவை கரையும் வேகத்தில் வேறுபடுகின்றன. கால்சியம் சல்பேட் ஓரிரு மாதத்தில் கரைந்துவிடும். பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு. ஹைட்ராக்சிஅபடைட் ஆண்டுக்கணக்கில் அப்படியே எக்ஸ்ரேயில் தெரியும். கடைசி இரண்டையும் கலந்தும் விற்கிறார்கள், பாதி கரைந்து இடம் கொடுக்க, பாதி நின்று தாங்க. பயோகிளாஸ் என்ற கண்ணாடியும் உண்டு: அமெரிக்காவின் லாரி ஹென்ச் 1969-இல் செய்தது. அதில் 45 விழுக்காடு சிலிக்கா, சோடியம் ஆக்சைடும் கால்சியம் ஆக்சைடும் தலா 24.5, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 6. உடம்பு நீர் பட்டதும் அதன் மேற்பரப்பு அபடைட்டாக மாறி எலும்போடு ஒட்டும்.

துளையின் அளவு முக்கியம். 100 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) குறைந்தால் எலும்பு உள்ளே போகத் திணறும். 300 மைக்ரானும் அதற்கு மேலும் இருந்தால் இரத்தக்குழாயும் நுழையும். நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். இடித்துத் திணித்தால் துகள் நொறுங்கித் துளை அடைந்துபோகும், அதனால் இலேசாகத்தான் நிரப்புவார்கள். உங்கள் இரத்தத்திலோ எலும்பு மஜ்ஜையிலோ குழைத்து வைப்பது வழக்கம்.

எதிர்பார்க்கக் கூடாதது ஒன்று: இவை பாரம் தாங்கா. பீங்கான் அமுக்கத்தைத் தாங்கும், வளைவிலும் இழுவிலும் உடையும். ஆகவே துகள் வைத்தாலும் பிளேட் வேண்டும். கிருமி உள்ள இடத்தில் சாதாரணத் துகளை வைத்தால் அது வெளிப்பொருளாகி, கிருமி அதில் ஒட்டிக்கொள்ளும்.

மாட்டு எலும்பு வைப்பார்களா? நாங்கள் மாட்டைத் தொடாதவர்கள்.

நியாயமான கேள்வி, கூச்சப்படாமல் கேட்க வேண்டியது. மாட்டெலும்பிலிருந்து தயாரித்த துகள் உண்டு. பல் மருத்துவத்தில் அதிகம் புழங்குகிறது. கொழுப்பும் புரதமும் நீக்கி, கனிமம் மட்டும் மிஞ்சும்படி சுட்டு எடுத்தது அது. கொலாஜன் பஞ்சு, சவ்வு, சில வகைத் தையல் நூல் இவற்றில் மாடோ பன்றியோ மூலமாக இருக்கலாம். முஸ்லிம் நோயாளிகள் பன்றியைப் பற்றிக் கேட்கிறார்கள், நாம் மாட்டைப் பற்றிக் கேட்கலாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இப்படிக் கேளுங்கள்: "இதில் விலங்கு மூலம் ஏதாவது உண்டா? செயற்கையில் மாற்று இருக்கிறதா?" பெரும்பாலான எலும்புப் பள்ளங்களுக்கு முழுக்கச் செயற்கையான மாற்று கிடைக்கும். ஆனால் அறுவை மேசையில் படுத்த பிறகு கேட்டால் கையிருப்பில் உள்ளதுதான். டாக்டருக்குப் பட்டியல் மனப்பாடமாக இருக்காது, பெட்டியைப் பார்த்துச் சொல்ல ஒரு நாள் அவகாசம் கொடுங்கள்.

இறந்தவர்களின் எலும்பும் வைப்பார்களாமே?

ஆம், தானமாகக் கிடைத்தது. கிளந்தானில் குபாங் கெரியான் வளாகத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தேசியத் திசு வங்கி 1991 முதல் இயங்குகிறது. இடுப்பு மூட்டு மாற்றும்போது எடுத்து எறிய வேண்டிய எலும்புத் தலையை, உயிரோடு இருக்கும் நோயாளிகளும் தானம் செய்யலாம். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் சோதனை, பிறகு கழுவல், உறையவைத்தல் அல்லது உலர்த்தல், காமாக் கதிர். வழக்கமான அளவு 25 கிலோகிரே. செல் எல்லாம் இறந்திருக்கும் என்பதால் சிறுநீரக மாற்றுபோல் எதிர்ப்பை அடக்க மாத்திரை தேவையில்லை. கதிர் எலும்பைக் கொஞ்சம் நொறுங்கும் தன்மையாக்கும்; பெரிய துண்டுகள் உங்கள் எலும்போடு முழுதாகக் கலக்க ஆண்டுகள் ஆகும்.

காயத்திலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் வடிகிறது. சீழா?

கால்சியம் சல்பேட் மணி வைத்திருந்தால் சீழாக இல்லாமலும் இருக்கலாம். அது நம்ம மாவுக்கட்டுப் பொருளேதான், சுத்தப்படுத்தியது. எலும்புப் பள்ளத்தை அடைக்க 1892-இலேயே ஜெர்மனியில் பயன்படுத்தியிருக்கிறார்கள். இன்று அண்டிபயோட்டிக் கலந்து 3 முதல் 6 மில்லிமீட்டர் மணிகளாக வைக்கிறார்கள். கரையும்போது தண்ணீரை இழுத்து, சில வாரம் பால்போல் வடியும். காய்ச்சல் இல்லை, நாற்றம் இல்லை, வலி கூடவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். ஆனாலும் வீட்டிலேயே தீர்ப்பு எழுதாமல் காட்டிவிடுங்கள்.

எலும்பு சிமெண்ட் என்பது கட்டடச் சிமெண்டா?

இல்லை, அது அக்ரிலிக். ஒரு பொட்டலத்தில் வழக்கமாக 40 கிராம் பொடி, கூடவே 20 மில்லிலிட்டர் திரவம். எக்ஸ்ரேயில் தெரிய பேரியம் சல்பேட் அல்லது சிர்கோனியா சேர்த்திருக்கும். கலந்ததும் மாவாகி, கையுறையில் ஒட்டாத பதம் வரும்போது வைப்பார்கள். மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கல்லாகும். அறை சூடானால் சீக்கிரம் இறுகும், குளிரில் தாமதமாகும். ஏர்கோன் கெட்டுப்போன அறுவை அறையில் தாதி கடிகாரத்தை நம்பாமல் பதத்தைக் கையில் தொட்டுப் பார்ப்பது அதற்காகத்தான்.

இது பசையல்ல. எலும்பின் நுண்துளைக்குள் புகுந்து இறுகிப் பிடிப்பது மட்டுமே. அதனால் எலும்பை அழுத்த நீரால் கழுவி உலர்த்தாமல் வைத்தால், இடையில் இரத்தப் படலம் தங்கி, சில ஆண்டில் மூட்டு ஆடத் தொடங்கும். காற்றுக்குமிழி இருந்தால் அங்கே வெடிக்கும். வெற்றிடத்தில் கலப்பது அதற்காக. வைத்து அழுத்தும் நேரத்தில் சிலருக்கு, குறிப்பாக இதய நோயுள்ள வயதானவர்களுக்கு, இரத்த அழுத்தம் திடீரென இறங்கும். மயக்க மருந்து டாக்டருக்கு முன்பே உங்கள் இதயக் கதையைச் சொல்லியிருப்பது உயிர்காக்கும்.

அண்டிபயோட்டிக் கலப்பதென்றால் சூடு தாங்கும் மருந்துதான்: ஜென்டமைசின், டோப்ராமைசின், வான்கோமைசின். அளவு கூடினால் சிமெண்டின் பலம் குறையும்.

முட்டி மூட்டு மாற்றினால் என்ன பொருள் வைப்பார்கள்? எத்தனை வருடம் வரும்?

தொடை எலும்பின் முனையில் கோபால்ட் குரோமியக் கிண்ணம், கீழே பெரும்பாலும் டைட்டானியத் தட்டு, நடுவில் பாலிஎத்திலீன். உலோகம் இரண்டையும் எலும்போடு சிமெண்ட் பிடிக்கும். தேய்வது பாலிஎத்திலீன்தான். இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டில் முதலில் டெஃப்லான் வைத்து, அது சீக்கிரம் தேய்ந்து தோல்வியானபின், 1962-இல் உயர் மூலக்கூறுப் பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றைய இடுப்பு மூட்டு அங்கிருந்து தொடங்குகிறது. தேய்ந்து உதிரும் நுண்துகளை உடம்பு தின்னப் பார்க்கும். அந்தச் சண்டையில் சுற்றியுள்ள எலும்பே கரைந்து மூட்டு தளரும். கதிர் பாய்ச்சி இழைகளைக் குறுக்கே பின்னிய புதுவகைப் பாலிஎத்திலீன் தேய்வை நன்றாகக் குறைத்துவிட்டது.

2019-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வின்படி முழு முட்டி மாற்றில் ஏறக்குறைய 82 விழுக்காடும் இடுப்பில் 58 விழுக்காடும் 25 ஆண்டு நிலைக்கின்றன. அவற்றில் பல பழைய பொருளில் செய்தவை.

நம் வீடுகளில் பிரச்சினை குந்தும் கழிப்பறையும் தரையில் சப்பணம் போட்டு உட்காருவதும். மாற்றிய முட்டி பெரும்பாலும் 110–120 டிகிரிதான் மடங்கும். அறுவைக்குப் பின் அல்ல, முன்பே உட்காரும் கழிப்பறைக்கோ நாற்காலிக் கமோடுக்கோ ஏற்பாடு செய்யுங்கள்.

தலையோட்டுக்கு?

சொந்த ஓட்டுத் துண்டு நல்ல நிலையில் இருந்தால் அதையே மைனஸ் 80 டிகிரியில் வைத்திருந்து திரும்பப் பொருத்துவார்கள். இல்லாவிட்டால் டைட்டானிய வலை, அக்ரிலிக், அல்லது பீக் என்ற பிளாஸ்டிக். பீக்கின் விறைப்பு 3–4 கிகாபாஸ்கல்தான், ஸ்கேனில் நிழல் விழாது. முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவே வைக்கும் கூண்டுகளிலும் வருகிறது.

தானாகக் கரையும் ஸ்குரு இருக்கிறதாமே, அதை வைக்கலாமா?

சின்ன எலும்பு, குழந்தைகளின் முறிவு, தசைநார் பிடிப்பு இவற்றுக்குப் பரவாயில்லை. பாலிலாக்டிக் அமில வகை கரைய இரண்டு ஆண்டுக்கு மேலும் ஆகலாம். கரையும்போது அமிலம் வெளியாவதால் சிலருக்கு வீங்கித் தண்ணீர் கட்டும். மெக்னீசிய ஸ்குரு இன்னொன்று. 1907-இல் பெல்ஜியத்தின் லம்போட் மெக்னீசியப் பிளேட்டை ஸ்டீலோடு சேர்த்து வைத்தார். சில நாளிலேயே அரித்து ஹைட்ரஜன் வாயு தோலுக்கடியில் சேர்ந்தது. இன்றைய கலவைகள் மெதுவாக அரிப்பவை, ஆனாலும் எக்ஸ்ரேயில் வாயுக் குமிழி தெரிவதுண்டு. தொடை எலும்பைத் தாங்கும் கரையும் பொருள் இன்னும் வரவில்லை.

இம்பிளாண்டில் கிருமி பிடித்தால் மருந்தில் போகாதா?

கிருமி உலோகத்தின்மேல் வழவழப்பான படலம் போட்டு உள்ளே ஒளிந்துகொள்ளும். படலம் முற்றிவிட்டால் இரத்தத்தில் போகும் மருந்து எட்டாது. முதல் மூன்று, நான்கு வாரத்துக்குள் பிடித்தால் திறந்து கழுவி இம்பிளாண்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. தாமதித்தால் எடுப்பதுதான் வழி. முறிவு இன்னும் கூடாமல், ஆனால் பிளேட் உறுதியாக இருந்தால், கூடும்வரை கிருமியை அடக்கி வைத்துவிட்டுப் பிறகு எடுப்பதும் உண்டு; ஆடும் பிளேட்டை வைத்துக்கொண்டு கிருமியை வெல்ல முடியாது.

நிற்காமல் வடியும் காயம், ஆறிய காயம் மறுபடி சிவப்பது, நாளுக்கு நாள் கூடும் வலி: இதில் ஒன்று போதும், போய்க் காட்டுங்கள். கிளினிக்கில் அண்டிபயோட்டிக் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுப் போனால் சோதனையில் கிருமி அகப்படாமல் போகும். திட்டமிட்ட மூட்டு அறுவை என்றால் பல டாக்டர்கள் எச்.பி.ஏ.1சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 8-க்குக் கீழே வரட்டும் என்று காத்திருப்பார்கள். அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

சின்சேயிடம் (சீன மரபு வைத்தியரிடம்) உருவிவிடலாமா?

முறிவு கூடும்வரை வேண்டாம். கால் வீங்கி இரத்தக்குழாய்க்குள் இரத்தம் கட்டியிருந்தால், உருவும்போது கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம், உயிர் போகும். சூடான மூலிகைப் பற்று மரத்துப்போன தோலைச் சுட்டுவிடும்.

பிளேட்டை எப்போது கழற்றலாம்? கழற்றத்தான் வேண்டுமா?

தொந்தரவில்லாவிட்டால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் விட்டுவிடலாம். தோலடியில் உறுத்துவது, கிருமி, வளரும் பிள்ளைகள் ஆகியவைதான் கழற்றக் காரணம். முன்கையும் தொடையும் என்றால் ஒன்றரை, இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும். கழற்றிய பிறகு ஸ்குரு ஓட்டைகள் நிரம்ப மாதங்கள் ஆகும். அதுவரை அந்த ஓட்டை வழியாகவே மறுபடி முறியும் ஆபத்து உண்டு. குலை வெட்டும் அரிவாள்கம்பைத் தூக்கும் வேலைக்கு மூன்று மாதமாவது இடைவெளி கேளுங்கள்.

எம்.ஆர்.ஐ., விமான நிலையம், இடி?

டைட்டானியமும் 316எல் ஸ்டீலும் காந்தத்தில் இழுபடாதவை, எம்.ஆர்.ஐ. பொதுவாக எடுக்கலாம், ஸ்டீலுக்குப் பக்கத்தில் படம் கலங்கும். ஆனாலும் ஸ்கேன் அறையில் சொல்லிவிட வேண்டும். விமான நிலையத்தில் மணி அடித்தால் பிளேட் இருப்பதைச் சொல்லித் தழும்பைக் காட்டுங்கள். காலில் பிளேட் இருப்பதற்காக இடி தேடி வராது, திறந்தவெளியில் மரத்தடியில் நிற்பவரைத்தான் தேடி வரும்.

இறந்தபின் எரிப்பதற்கு இம்பிளாண்டு தடையில்லை. எரியாமல் சாம்பலோடு கிடைக்கும். இதய பேஸ்மேக்கரை மட்டும் கட்டாயம் முன்பே எடுக்க வேண்டும், அதன் பேட்டரி வெடிக்கும்.

செலவுக்கு யாரைக் கேட்பது?

அரசாங்க மருத்துவமனையில் வார்டு கட்டணம் குறைவு, இம்பிளாண்டு விலை பலசமயம் தனி. வேலையில் நடந்த விபத்தோ, வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் நடந்ததோ என்றால் முதலில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்). முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்) "அப்புறம் பார்க்கலாம்" என்றால் நீங்களே நச்சரியுங்கள். மோட்டார் விபத்துக்குப் போலீஸ் புகார் நகல் தேவை. எம்.சி. நான்கு நாளும் அதற்கு மேலும் இருந்தால் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமைத் தொகையாக வரும். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 முதல் தொழில் விபத்துத் திட்டத்தில் இருக்கிறார்கள்.

சொக்சோ இல்லாதவர்கள் மருத்துவமனையின் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவுக்குப் போங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கும், 40 வயதும் அதற்கு மேலும் ஆன குறைந்த வருமானத்தாருக்கான பெக்கா பி40 திட்டத்துக்கும் (மருத்துவக் கருவிக்கு 20,000 ரிங்கிட் வரை) அங்கேதான் வழி. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, டாக்டரின் கடிதம், இம்பிளாண்டு விலைப்பட்டியல் கொண்டுபோங்கள். பணம் கட்டி வாங்கிய பிறகு போனால் திரும்பக் கிடைப்பது கடினம்.

ஆட்டுக்கால் சூப்பு குடித்தால் சீக்கிரம் கூடுமா?

சூப்பில் கால்சியம் கொஞ்சம்தான். முட்டை, மீன், பருப்பு, நெத்திலி, கேழ்வரகு இவை பயன். பெரியவர்களுக்கு நாளுக்கு 1000–1200 மில்லிகிராம் கால்சியம், கூடவே வைட்டமின் டி. சிகரெட்டை விடுவது எல்லாச் சூப்பையும்விட வேலை செய்யும். சறுக்கி விழுந்தே இடுப்பு முறிந்த வயதானவருக்கு எலும்புத் தேய்வு மருந்து தொடங்கினார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த பக்கமும் முறியலாம்.

என்ன காகிதத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும்?

ஒவ்வோர் இம்பிளாண்டு பெட்டியிலும் நிறுவனப் பெயர், பொருள், அளவு, தொகுப்பு எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று மருத்துவமனைக் கோப்பில் ஒட்டப்படும். இன்னொன்றை நீங்கள் கேட்டு வாங்குங்கள், இல்லையேல் கைப்பேசியில் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். மலேசியாவில் 2012-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டப்படி இம்பிளாண்டு பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணையும் கேட்கலாம். அறுவைக் குறிப்பு நகல், அறுவைக்குப் பின் எடுத்த முதல் எக்ஸ்ரே ஆகியவற்றையும் சேர்த்து ஒரே உறையில் வையுங்கள். ஒரு தொகுப்பு திரும்பப் பெறப்பட்டாலும், பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில் கழற்ற வேண்டி வந்தாலும், எந்தச் சாவி எடுக்க வேண்டும் என்பதை அந்த உறைதான் சொல்லும்.